சிவகிரிக்குப் போன சாக்லேட் தட்டு

சங்கரன்கோவிலில், அதுவும் பங்குனி மாதத்தில், சாக்லேட்டை உருக்குவதற்கென்று காசு கொடுத்து ஒரு மின்சார மெஷின் வாங்கிய ஆள் நான். இந்த ஊரில் இன்னொருவர் அப்படி இருந்தால் சொல்லி அனுப்புங்கள். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து வெட்கப்படலாம்.

இதிலுள்ள அசட்டுத்தனம் குளிர்ந்த ஊர்க்காரர்களுக்குப் புரியாது. இங்கே பங்குனியில் சாக்லேட்டை யாரும் உருக்க வேண்டியதில்லை. கடையில் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தால் போதும், சட்டையோடு உருகியிருக்கும். சாக்லேட் வைத்திருப்பவனுக்கு இங்கே உள்ள ஒரே கஷ்டம் அதைக் கட்டியாக வைத்திருப்பதுதான். அதற்கு அந்த மெஷினில் பொத்தான் கிடையாது.

இத்தனைக்கும் நான் படித்தவன். வீட்டில் ஒரு சுவர் முழுக்கப் புத்தகம். அடுத்தவர்களின் அசட்டுத்தனங்களைப் பத்திரிகைகளில் எழுதிக் கொஞ்சம் பேர் வாங்கியவன். அந்தப் பேரை வைத்துக்கொண்டுதான் சமையலறைக்குள் போனேன்.

போனதற்குக் காரணம் என் மகள். அவளைச் சிவகிரியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். ஏழாம் மாதம் வளைகாப்பு வந்தது. வளைகாப்பு என்றால் பெண்வீட்டார் சீர்த்தட்டு கொண்டுபோக வேண்டும். வளையல், பூ, பழம், சேலை, கலந்த சாதங்கள், பலகாரங்கள் எல்லாம் தட்டுத் தட்டாக, ஒற்றைப்படை எண்ணிக்கையில். நடுக்கூடத்தில் பரப்பி வைத்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒரு சுற்று சுற்றி வந்து பார்ப்பார்கள். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்க்கிறவர்களுக்கும் இவர்களுக்கும் ஒரு வித்தியாசம்தான். அவர்கள் கையுறை போட்டிருப்பார்கள்.

கல்யாணத்தின்போது எங்கள் பலகாரத்தட்டில் ஒரு பிசகு நடந்திருந்தது. லட்டுக்கு அடியில் விரித்திருந்த காகிதத்தில் கடையின் பெயர் அச்சாகியிருந்ததை எங்கள் பக்கத்தில் யாரும் கவனிக்கவில்லை. சம்பந்தியம்மா ஒரு லட்டை எடுத்தார், காகிதத்தைப் படித்தார், "கடைச் சரக்காக்கும்" என்றார். அவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் காதுகுத்து, சடங்கு, புதுவீட்டுப் பால்காய்ப்பு எது நடந்தாலும் யாராவது ஒருத்தி ஒரு லட்டை என் மகளின் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, "இது வீட்டுல பிடிச்சதுல்லா" என்று சொல்லிவிட்டுத்தான் வாயில் போடுவாள்.

மகள் ஃபோனில் சொன்னாள்:

"அப்பா, ஒரே ஒரு தட்டு. ஒரு தட்டாவது நம்ம வீட்டுல, நம்ம கையால செஞ்சதா இருக்கணும். இந்தத் தடவையும் கடைச் சரக்குன்னு பேரு வந்துட்டுன்னா, இந்தப் பிள்ள பிறந்து வளந்து அதுக்குக் கல்யாணம் ஆவுற வரைக்கும் எனக்கு அதையே சொல்லிக் காட்டுவாவ."

நியாயமான வேண்டுகோள். அதிரசம் சுடுவதில் என் மனைவியை மிஞ்ச எங்கள் தெருவில் ஆளில்லை. ஆனால் அவள் போன வாரம்தான் மொட்டைமாடிப் படியில் வழுக்கி, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முறுக்கு, சீடை, கலந்த சாதம் எல்லாவற்றுக்கும் கரிவலம்வந்தநல்லூரில் பலகாரம் செய்து கொடுக்கிற ஒரு அம்மாளிடம் சொல்லியாகிவிட்டது. மீதி அந்த ஒரு தட்டு.

"நான் செய்யுதேன்" என்றேன்.

மகள் உடனே, "அம்மாகிட்ட குடுங்க" என்றாள்.

நான் கொடுக்கவில்லை. ஏனென்றால் ஏற்கெனவே ஒரு வீடியோ பார்த்து வைத்திருந்தேன். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, மெதுவாகச் சூடாகிற ஒரு மின்சாரப் பானையில் கடலையைக் கொட்டுகிறாள், மேலே சாக்லேட்டை உடைத்துப் போடுகிறாள், மூடிவிட்டுப் போய் நாயோடு விளையாடுகிறாள். திரும்பி வந்து ஒரு கிண்டு கிண்டி, கரண்டியால் எடுத்துக் காகிதத்தில் சின்னச் சின்ன குவியலாக வைக்கிறாள். வைத்ததும் இறுகிவிடுகிறது. பாகு பதம் கிடையாது, எண்ணெய் தெறிக்காது, தட்ட வேண்டாம், பிழிய வேண்டாம். மகளுக்கோ வாயும் வயிறுமாக இருக்கும் இந்த மாதங்களில் சாக்லேட் மேல்தான் ஆசை. எல்லாம் பொருந்தி வந்தது. அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் ஜன்னலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தேன். நல்ல காட்சி என்று நினைத்துக்கொண்டேன்.

பானை வந்து இறங்கியது. கனமான பீங்கான் பாத்திரம், கண்ணாடி மூடி, சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. மனைவி நல்ல கையால் மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"குக்கருன்னு சொன்னிய. விசில் எங்க?"

"இது ஸ்லோ குக்கர். விசில் கிடையாது."

"அப்போ வெந்துட்டுன்னு எப்படித் தெரியும்?"

"அது பாட்டுக்கு மெதுவா சூடாவும். நாம பக்கத்துல நிக்கவே வேண்டாம்."

"நம்ம சொன்னா ஒண்ணும் கேக்காது, அது பாட்டுக்கு மெதுவா ஏதோ செய்யும்" என்றாள். "அப்படி ஒண்ணு இந்த வீட்டுல ஏற்கெனவே இருக்கே."

முதல் பானை வீணாகப் போனது. வறுத்த வேர்க்கடலையும் முந்திரியும் போட்டேன். கேக் செய்கிறவர்கள் வாங்குகிற கட்டிச் சாக்லேட்டை உடைத்துப் போட்டேன். மூடிவிட்டேன். நாய் இல்லாததால் பேப்பர் படித்தேன். திரும்பி வந்து திறந்தால், மழை பெய்த மறுநாள் திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் காட்டில் நடந்துவிட்டு வந்த செருப்பின் அடிப்பக்கம் மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. கரண்டியைக் குத்தினேன். அது பிடிக்காமலே நேராக நின்றது.

விசாரணையில் தெரிந்தது என்னவென்றால், மனைவி நான் தொடுவதற்கு முன்பே பாத்திரத்தைக் கழுவி ஈரத்தோடு வைத்திருக்கிறாள். அது மட்டுமில்லை.

"இடையில வந்து பாத்தேன். ரொம்ப கெட்டியா இருந்துச்சு. அடி பிடிச்சிரும்னு ஒரு கை வெந்நீ தெளிச்சேன்."

"சாக்லேட்டுல தண்ணி படவே கூடாது."

"அப்படின்னு யாரு சொன்னா?"

"அந்த வெள்ளக்காரி சொன்னா."

"உங்ககிட்டதான சொன்னா. என்கிட்டயா சொன்னா?"

நம் சமையலறையில் அடுப்பில் ஏறுகிற எதுவுமே தண்ணீர் தெளிப்புக்குத் தப்பியது கிடையாது. இறுகினால் தெளிப்பார்கள், பொங்கினால் தெளிப்பார்கள், சந்தேகம் வந்தாலும் தெளிப்பார்கள். ஒரு சொட்டு ஈரம் பட்டால் மண்ணாகிவிடுகிற ஒரு பலகாரத்தை இங்கே யாரும் கற்பனைகூடச் செய்திருக்க மாட்டார்கள். நான் கற்பனை செய்திருந்தேன், சொல்லத்தான் மறந்துவிட்டேன்.

இரண்டாவது பானைக்கு நானே காவல் நின்றேன். மூடிக்கு அடியில் வேர்க்கிற நீர்கூட விழாதபடி ஒரு துண்டைக் கட்டினேன். திறந்தபோது உண்மையிலேயே அழகாக இருந்தது. பளபளவென்று கறுப்பும் சிவப்பும் கலந்த நிறம், நடுவில் முந்திரியும் கடலையும். கரண்டியால் அள்ளிக் காகிதத்தில் குவித்தேன். குவியல்கள் உடனே குவியலாக இருப்பதை விட்டுவிட்டு வட்டமாகப் படர்ந்தன. வெள்ளைக்காரி சொன்ன நேரம் போனது. மின்விசிறிக்கு அடியில் வைத்தேன். அது வெந்நீரில் குளித்த காற்றை இறக்கிக்கொண்டிருந்தது. கடைசியில் வட்டங்களை ஃபிரிட்ஜுக்குள் ஏற்றினேன். உள்ளே இட்லி மாவும் வளைகாப்புக்கு வாங்கி வைத்திருந்த மல்லிகைப் பூவும் இருந்தன.

காலையில் எல்லாம் கல்லாக இறுகியிருந்தன. மனைவி ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். முதலில் சாக்லேட், பிறகு கடலை, கடைசியாக நாக்கில் மல்லிகை.

"பூ வாசம் வருது" என்றாள். கொஞ்சம் மென்றுவிட்டு, "போட்டும். விசேஷ வீட்டுக்குத்தான போவுது" என்றாள். அது அவள் அகராதியில் பாராட்டு. தட்டில் அடுக்கி, சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றி, மேலே ரிப்பனும் கட்டியாயிற்று. நான் அதை நாலு பக்கத்திலிருந்தும் ஃபோட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். "நெஜமாவே நீங்க செஞ்சதா?" என்று பதில் வந்தது. அந்த ஒரு வரியில் இருந்த சந்தோஷத்துக்கு இன்னும் இரண்டு பானைகள் வாங்கலாம் போலிருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு அறிவு வேலை செய்யத் தொடங்கியது. வெயில் ஏறுவதற்கு முன்னால் கிளம்பிப் போய், சிவகிரியில் அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜில் தட்டை வைத்துவிட்டால் கவலையில்லை என்று கணக்குப் போட்டேன்.

"வெள்ளிக்கிழம பத்தரையிலருந்து பன்னெண்டு ராகு காலம்" என்றாள் மனைவி. "பன்னெண்டு தாண்டிப் போயிச் சேந்தா போதும்."

"ராகுவுக்கும் சாக்லேட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஆரம்பித்துக் கிரகங்கள், மூடநம்பிக்கை, அறிவியல் மனப்பான்மை என்று வேனில் ஏறுகிற வரைக்கும் பேசினேன். வேனில் எங்களோடு வந்த என் கொழுந்தியா, "அத்தான் பேசுததக் கேட்டா ராகுவே வீட்டுக்குப் போயிருவாரு" என்றாள். சீக்கிரமே கிளம்பினோம். அதாவது நான் ஜெயித்தேன்.

வேனில் ஏறியதும் டிரைவரிடம் ஏசி போடச் சொன்னேன்.

"போடலாம் அண்ணாச்சி. ஆனா வண்டி ஓடும்போது மட்டும்தான் குளிரும்."

"ஓடிக்கிட்டுத்தான இருக்கப்போவுது" என்றேன்.

சிவகிரியில் சம்பந்தி வீட்டுத் தெருமுனைக்கு வந்து சேர்ந்தபோது ராகு காலம் அப்போதுதான் பிறந்திருந்தது. சீர்த்தட்டை வேனில் கொண்டுபோய் வாசலில் இறக்கும் பழக்கம் கிடையாது. முனையில் இறங்கி, பெண்கள் வரிசையாகக் கையில் ஏந்தி நடந்துபோக வேண்டும். நாலு வீடு பார்க்க வேண்டாமா. மனைவியின் ஃபோன் அடித்தது. சம்பந்தியம்மாவின் குரல் வெளியே நின்ற எனக்கே கேட்டது.

"மைனி, வந்துட்டியளா? அங்கனயே நில்லுங்க. பன்னெண்டு தாண்டட்டும். ராகு காலத்துல சீர வாசலேத்தாண்டாம், மாசமா இருக்க பிள்ள."

நின்றோம். தெருமுனையில் ஒரே ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் நிழலை ஏற்கெனவே ஒரு டிராக்டர் பிடித்திருந்தது. வேன் வெயிலில் நின்றது. நின்றதும் ஏசியும் நின்றது.

நான் அடிக்கடி தட்டைக் குனிந்து பார்த்தேன். முதலில் ஓரங்கள் மின்ன ஆரம்பித்தன. பிறகு தொலைதூர பஸ்ஸில் தூங்குகிறவர்கள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று மெல்லச் சாய்ந்தன. பிறகு எது யார் தோள் என்று தெரியவில்லை.

"இந்தத் தட்ட மட்டும் நான் கொண்டுபோய் அங்க ஃபிரிட்ஜுல வச்சிட்டு வந்துரட்டா?"

மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அனுதாபம்கூட இருந்தது. "சீர்த்தட்டுல ஒண்ண மட்டும் பிரிச்சு, அதுவும் ராகு காலத்துல, அதுவும் ஒரு ஆம்பள கையில தூக்கிட்டு அந்த வாசல்ல போயி நிக்கப் போறிய. அதுக்குப் பேசாம லட்டே வாங்கியிருக்கலாம்."

பக்கத்து ஜூஸ் கடையில் ஒரு பை நிறைய ஐஸ் வாங்கி வந்து தட்டுக்கு அடியில் வைத்தேன். பை ஒழுகி, அடுத்த தட்டிலிருந்த பட்டுச் சேலைப் பக்கம் தண்ணீர் போனது. கொழுந்தியா ஐஸை எடுத்து ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டாள். பட்டா சாக்லேட்டா என்று கேட்டால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். கிரகங்களைப் பற்றி நான் அதற்குமேல் பேசவில்லை.

பன்னிரண்டு தாண்டியதும் ஊர்வலம் கிளம்பியது. மனைவிக்குக் கை சரியில்லாததால் சாக்லேட் தட்டைக் கொழுந்தியா ஏந்தினாள். மற்றவர்கள் முகத்தை நிமிர்த்தி, சேலை தெரிய நடந்தார்கள். அவள் மட்டும் விளிம்பு வரை நிறைந்த எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிப் போகிறவள் மாதிரி தட்டையே பார்த்தபடி, அடி அடியாக நடந்தாள்.

நடுக்கூடத்தில் தட்டுகள் பரப்பப்பட்டன. மகள் நாற்காலியில், கழுத்தில் மாலையும் கன்னத்தில் சந்தனமுமாக உட்கார்ந்திருந்தாள். பெண்கள் சுற்றி வந்தார்கள். முறுக்கு தேறியது. சீடை தேறியது. சம்பந்தியம்மா அந்தத் தட்டுக்கு முன்னால் நின்று, குனிந்து, ரிப்பனை அவிழ்த்துக் கண்ணாடிக் காகிதத்தை விலக்கினார்.

தட்டில் ஒரு குளம் இருந்தது. அடர்ந்த பழுப்பு நிறம், மேலே எண்ணெய் மினுமினுப்பு, அங்கங்கே தலை நீட்டும் கடலை. மகள் தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் மேலே மின்விசிறியைப் பார்த்தேன். பின்னால் யாரோ ஒருத்தி எதையோ சொல்வதற்காக மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது.

சம்பந்தியம்மா நிமிர்ந்தார்.

"புளிக்காய்ச்சலாக்கும்" என்றார். "வீட்டுல காய்ச்சினதா மைனி?"

என் மனைவி ஒரு கண்ணிமைப்புகூடத் தாமதிக்கவில்லை. "ஆமா மைனி. எனக்குக் கை இப்படி ஆயிட்டுல்லா, அதனால இவியதான் காய்ச்சினாவ."

கூட்டம் மூச்சை விட்டது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நிறம் நல்லா வந்திருக்கு என்றாள் ஒருத்தி. நல்லெண்ணெய் எப்படி மிதக்குது பாரு என்றாள் இன்னொருத்தி. வெல்லமும் கொஞ்சம் சேத்திருப்பாவ, பளபளப்பே சொல்லுதே என்றாள் மூன்றாமவள். சம்பந்தியின் தங்கை நேராக என்னிடமே வந்துவிட்டார்.

"எவ்வளவு நேரம் காய்ச்சினிய அண்ணாச்சி?"

"ரெண்டு மணி நேரம். சின்னச் சூட்டுல."

"கிண்டிக்கிட்டே இருக்கணுமோ?"

"கிண்டவே கூடாது. மூடி வச்சிரணும்."

"தண்ணி?"

"ஒரு சொட்டு படக்கூடாது."

அவர் ஆச்சரியத்தோடு தலையாட்டிக்கொண்டு போனார். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

ஒருவர் ஒரு கரண்டி எடுத்துச் சாதத்தில் பிசைந்து பார்க்கலாம் என்றார். என் மனைவியின் மாவுக்கட்டுக் கை தானாக நெஞ்சுக்குப் போனது. சம்பந்தியம்மாதான், "இன்னைக்கு வேண்டாம், புதுசுல்லா, ஊறட்டும்" என்று சொல்லிவிட்டுத் தானே தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். எங்கள் கண்ணிலிருந்து அது மறைந்தது. அதாவது, குண்டு வெடிப்பதற்கு முன் பத்திரமாக அவர்கள் வீட்டுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது.

வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். திரும்பும் வேனில் மகள் எங்களோடு வந்தாள். தெரு தாண்டியதும் ஆரம்பித்தாள்.

"அப்பா, அத்தை நாளைக்கு அதச் சோத்துல போட்டுப் பிசைவாவ."

"பிசையட்டும். நல்லாத்தான் இருக்கும்."

"கடைச் சரக்குன்னு சொன்னதே எவ்வளவோ தேவல. இனி புளிக்காய்ச்சல்னு ஏமாத்திச் சாக்லேட்டத் தலையில கட்டின குடும்பம்னு சொல்லுவாவ. ஒரு தட்டுதான கேட்டேன்."

கை நிறைய வளையல் போட்டிருந்ததால் அவள் கண்ணைத் துடைத்தபோது பெரிய சத்தம் கேட்டது. டிரைவர் திரும்பிப் பார்த்தார். நான் ராகுவைப் பற்றி யோசித்தேன்.

அடுத்த ஒரு வாரம் வீட்டில் ஃபோன் அடித்தால் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சிவகிரியிலிருந்து வந்த ஃபோன்களில் மாத்திரை, டாக்டர், மாப்பிள்ளையின் வேலை எல்லாம் பேசப்பட்டன. புளிக்காய்ச்சல் பற்றி ஒரு சொல் கிடையாது. அது இன்னும் மோசம். எழுதுகிறவனுக்குத் தெரியும், திட்டி வருகிற கடிதத்தைவிட வராத கடிதம்தான் தூக்கத்தைக் கெடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மாவே வந்தார், மருமகளைப் பார்க்க. கையில் எங்கள் தட்டு. வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதென்று அதில் மாதுளம்பழம் அடுக்கியிருந்தார். மகள் பழத்தைப் பார்க்கவில்லை, அவர் வாயையே பார்த்தாள். காபி குடித்தார். மருமகளின் காலில் வீக்கம் இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தார். பிறகு தம்ளரைக் கீழே வைத்தார்.

"ராத்திரி எல்லாரும் போன பிறகு ஃபிரிட்ஜுல வச்சேன். காலையில பாத்தா கல்லு மாதிரி ஆயிட்டு. தேங்காயத் தரையில உடைக்க மாதிரி உடைச்சுத்தான் எடுக்க வேண்டியதாப் போச்சு."

என் மனைவி மாதுளம்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைக்க ஆரம்பித்தாள்.

"நாத்தனாருவ எல்லாம் சுத்தி நிக்காவ, வேற என்னத்தச் சொல்ல? கடலையப் பாத்தேன், வாயில வந்ததச் சொன்னேன்" என்றார் மருமகளிடம். "உன் வீட்டுக்காரன் பாதியத் தின்னுட்டான். மீதிய நான்தான் தின்னேன். வீட்டுல செஞ்சதுன்னு தின்னதுமே தெரிஞ்சிட்டு. கடையில இப்படி ஒண்ண யாரும் செய்யமாட்டாவ."

மகளின் தோள் அந்த வாரத்தில் முதல்முறையாகக் கீழே இறங்கியது. எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. எழுதுகிறவன் புத்தி, ஒரு நல்ல வார்த்தை கேட்டால் இன்னொன்றுக்குக் கை நீட்டும். பெருமையை அடக்கிக்கொண்டு, "ருசி எப்படி இருந்துச்சு?" என்றேன்.

சம்பந்தியம்மா நிஜமாகவே யோசித்தார்.

"பரவால்ல அண்ணாச்சி" என்றார். "புளிதான் பத்தல."